முகம் போடாத கவிராயர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒருவர் செத்துப்போனால் முதல் சேதி சவப்பெட்டி செய்பவருக்குப் போகும். இரண்டாவது எனக்கு. சொந்தக்காரர்களுக்கு அதற்குப் பிறகுதான். நான் வைத்தியனல்ல, மரண விசாரணை அதிகாரியுமல்ல. ஜம்பட்டா வீதியில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருப்பவன். பெயர் ஸஹாப்தீன். கலியாணக் காட், டோக்கி சினிமா நோட்டீஸ், தைலப் போத்தல் லேபல் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். ஆனாலும் என் வீட்டு அடுப்பு எரிந்தது கல்வெட்டினால்.

கல்வெட்டு என்றதும் யாரும் உளியைத் தேட வேண்டாம். அது வெறும் கடுதாசிதான். யாழ்ப்பாணத்துச் சைவக்காரர் வீட்டில் ஒரு சாவு நடந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். இறந்தவரின் ஊர், பெருமை, கொடைக்குணம். அதன் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். எல்லாம் பாட்டு. குரல்வளம் உள்ள ஒருவர் எழுந்து அதை ராகத்தோடு படிப்பார். சனம் அழும். உயிரோடு இருந்தபோது மாமியாரோடு ஒரு வார்த்தை பேசாத மருமகள், கல்வெட்டில் எண்சீர் விருத்தத்தில் புலம்புவாள். அவள் புலம்புவது அவளுக்கே என் அச்சகத்தில் புரூவ் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

இந்தப் புலம்பல்களை எல்லாம் எழுதியவர் நவரத்தினம். துறைமுகத்தில் ஒரு பண்டகசாலையில் கிளாக்கர். பின்னேரம் கந்தோர் முடிந்ததும் கறுப்புக் கோட்டோடு என் கடைக்கு வருவார். யார் செத்தது என்று கேட்பார். ஆள் நல்லவரா கெட்டவரா என்று கேட்கமாட்டார். அது பாட்டுக்குத் தேவைப்படாத விஷயம். நான் அவரைக் கவிராயர் என்று கூப்பிடுவேன். கேலியாகத் தொடங்கியது, பிறகு ஊரே அப்படிக் கூப்பிட்டது.

பாட்டோடு அவர் ஒரு படமும் கொண்டுவருவார். தானே வரைந்து, தானே பலகைத் துண்டில் செதுக்கியது. புத்தகத்தின் முகப்பில் அதை அடிப்போம். அதில்தான் தலைவலி. அவருடைய பாட்டுக்கும் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. பாட்டு ஒரு திசையில் போகும். படம் அதற்கு எதிர்த்திசையில் ஆறுதலாக நடந்து போகும்.

அருளம்பலத்தாருடைய கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு, "இல்லறம் வழுவா இராமன்" என்று தொடங்கும். படம் ஒரு சைக்கிள். ஒரு மதிலில் சாய்த்து வைத்த சைக்கிள். மதிலுக்கு மேலாக ஒரு மல்லிகைக் கொடி. அவ்வளவுதான்.

மூத்த மகன் வெள்ளவத்தையில் இருந்து ட்ராமும் பஸ்ஸும் மாறி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"இந்தச் சைக்கிள் என்னத்துக்கு?"

"ஒங்கட அப்பா சைக்கிள் ஓட்டினவர்தானே தொர?"

"ஓம். ஓட்டினவர்."

"பொறகென்ன?"

"இல்லை, இந்த மதில்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். அந்த மதில் யாருடைய வீட்டு மதில் என்று கொட்டாஞ்சேனைக்கே தெரியும். ஆனால் தெரியும் என்று அவர் வாயால் சொல்ல முடியாது. நான் மிகவும் மரியாதையாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "பூவை மட்டுமாவது எடுத்துவிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூவை எடுத்தோம். சைக்கிள் நின்றது.

இப்படிப் பல. 'கல்விக் கடல்' என்று பாட்டில் வந்த தலைமை வாத்தியாருக்குப் படத்தில் ஒரு பிரம்பு. 'அன்னபூரணி' என்று பாடப்பட்ட ஒரு கிழவிக்கு, பூட்டுப் போட்ட மிளகாய்ப் பெட்டி. இங்கிலீஷ் படித்த ஒரு புரொக்டர், கோட்டில் வழக்குப் பேசுகிறவர், என் கடையில் உட்கார்ந்து, இது புதுமாதிரிக் கலை, பாட்டின் பொய்யைப் படம் மறுக்கிறது என்று நீளமாகப் பேசினார். எனக்கும் ஒரு கருத்து இருந்தது. ஆயிரம் பொய் எழுதிய கைக்கு நமைச்சல் எடுத்து, அந்தக் கை பலகையில் தேய்த்துக்கொள்கிறது என்று. கவிராயரிடமே கேட்டேன்.

"பாட்டில உள்ளதையே படத்திலயும் போட்டால், ரெண்டில ஒண்டு சும்மா வேலை நாநா" என்றார். எங்கள் முஸ்லிம் ஆட்களில் அண்ணனை நாநா என்போம். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவர் படங்களில் வந்ததே இல்லை. முகம். கதிரை வரும், மாடு வரும், செருப்பு வரும், மனிதர்களின் கைகாலும் சிலவேளை வரும். முகம் வராது. ஒருமுறை ஒரு கடைக்காரர், தன் தகப்பனின் முகத்தைச் செதுக்கித் தரவேண்டும் என்று ஒரேயடியாக நின்றார். கவிராயர் கண்ணை இமைக்காமல் என்னைக் காட்டினார்.

"எனக்குப் பிரச்சினை இல்லை. முதலாளி சோனகர். அவரின்ர மெசினில மனிச முகம் அடிக்க மார்க்கம் விடாது."

அந்த நேரத்தில் நான் ஒரு டோக்கி நோட்டீஸைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நடிகை, சாப்பாட்டுக் கோப்பை அளவு முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக அவளைக் குப்புறக் கவிழ்த்தேன்.

கடைக்காரர் போனபிறகு, "ஏன் கவிராயர் என்ன மாட்டி உட்ட?" என்றேன்.

"முகம் எனக்கு வராது நாநா. எவ்வளவு வெட்டினாலும் பூசணிக்காயாப் போகுது."

"அத செல்லுறதுதானே?"

"படம் வராதெண்டால், நாளைக்குப் பாட்டும் வராதெண்டு சொல்லுவினம்."

அதுவும் நியாயம்தான். அன்று தொடக்கம் பழியை நான் சுமந்தேன். சுமக்கக் கஷ்டமாகவும் இருக்கவில்லை. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிற எனக்கு, சைவக்காரர் மத்தியில் பெரிய பக்திமான் என்று பெயர் வந்தது. சிலர் என்னைக் கண்டதும் சுருட்டைக் கூட மறைத்தார்கள்.

ஒரு வருஷம் மழைக்காலத்தில் கவிராயரின் ஒரே மகள் யோகாம்பிகை நெருப்புக் காய்ச்சலில் செத்துப்போனாள். கலியாணப் பேச்சு அப்போதுதான் தொடங்கியிருந்தது. வீட்டில் அவளை யோகம் என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போதாவது என் கடை வாசலில் வந்து நின்று, "அப்பாவை வரட்டாம்" என்று சொல்லிவிட்டு, நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விடுகிற பிள்ளை.

மாதம்பிட்டிச் சுடலைக்கு நானும் போயிருந்தேன். கவிராயர் அழவில்லை. யாரோ ஒருவர் மரியாதைக்கு, "முப்பத்தொண்டுக்குக் கல்வெட்டை நீங்களே எழுதுவியள்தானே?" என்று கேட்டார். அப்படிக் கேட்கிறவர்கள் எல்லாச் சாவீட்டிலும் ஒருவர் இருப்பார். கவிராயர், "ஓம், எழுதுவன்" என்றார்.

எழுதினார். கொஞ்ச நாளில் பாட்டு என் மேசைக்கு வந்தது. கலியாணமாகாத பிள்ளை என்பதால் புத்தகம் இல்லை, ஒற்றைத் தாள். முன்பக்கம் படம், பின்பக்கம் பாட்டு. நான் பாட்டைக் கோத்து வைத்தேன். வழக்கம்போல அழகான பாட்டு. ஓர் எழுத்தும் தட்டவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"படம் எங்க கவிராயர்?"

"வரும்."

படம் வரவில்லை. அதற்கு முன் அவர் மனைவி வந்தார்.

மயிலம்மாவை அதற்கு முன் நான் நேரில் பார்த்ததில்லை. நெடுந்தீவுப் பெண். சாவுத் தீட்டால் துடக்கு வீட்டிலிருந்து வெளியே வரக்கூடாத நாட்கள். ஆனாலும் வந்தார். கூடவே அடுத்த வீட்டு பேர்ணடெற், கையில் செபமாலையோடு, விழுந்தால் பிடிப்பதற்குத் தயாராக.

"முதலாளி, இவ வீட்டுல நிக்கிறா இல்ல" என்றாள் பேர்ணடெற். "ஒங்களப் பாக்கணுமாம். நான் சென்னா கேக்குறாவும் இல்ல."

நான் கதிரையைத் தள்ளிப் போட்டேன். மயிலம்மா உட்காரவில்லை. சுவரில் நான் மாதிரிக்கு ஒட்டிவைத்திருந்த பழைய கல்வெட்டு முகப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது அருளம்பலத்தார். பூவைக் காணேல்லை. இது தலைமை வாத்தியார். இது மிளகாய்ப் பெட்டி ஆச்சி."

"எல்லாம் தெரியுமே ஒங்களுக்கு" என்றேன்.

"எனக்கு எழுத்து வராது நாநா. எங்கட பக்கத்தில அப்ப பொம்பிளைப் பிள்ளையளைப் பள்ளிக்கூடம் விடேல்லை. இவர் எழுதுறது எனக்குச் சத்தந்தான். அதால படத்தைக் கீறிக் கொண்டந்து காட்டுவார். நான் ஆரெண்டு சொல்லோணும். நான் சொன்னாத்தான் பலகையில வெட்டுவார். தெரியேல்லை எண்டால் கிழிச்சுப் போட்டு வேற கீறுவார்."

புரொக்டரின் புதுமாதிரிக் கலையும் என் நமைச்சல் கருத்தும் அந்த இடத்தில் ஒன்றாகச் செத்தன. அவற்றுக்கு நான் கல்வெட்டு அடிக்கவில்லை. பாட்டு ஊருக்கு. படம் இந்த ஒரு பெண்ணுக்கு. ஊரார் இத்தனை வருஷமும் மல்லுக்கு நின்றது, ஒரு மனிதன் தன் மனைவிக்குச் சொன்ன சேதியோடு.

"நாநா, ஒண்டு கேக்க வந்தனான்" என்றார் மயிலம்மா. "அவளைப் படம் எடுத்து வைக்கேல்லை. ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு இவர் எத்தினை தரம் சொன்னவர். படம் எடுத்தால் ஆயுசு குறையுமெண்டு நான்தான் விடேல்லை. இப்ப அவளின்ர முகம் எங்கயும் இல்லை. இவர் கீறினால்தான் உண்டு. கேட்டால், முதலாளி விடமாட்டார், அவயின்ர மார்க்கம் எண்டுறார். உங்களில நான் குறை சொல்லேல்லை. இந்த ஒருக்கா மட்டும். பள்ளிவாசலில ஆரையும் கேக்கோணுமெண்டால் சொல்லுங்கோ, நான் வந்து காலில விழுந்து கேக்கிறன்."

மயிலம்மாவின் பார்வை, கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த டோக்கி நோட்டீஸில் நின்றது.

"அது பொம்பிளையின்ர முகந்தானே நாநா?"

"அது..." என்றேன். "அது இந்தியாக்காரி."

இந்தியாக்காரிக்கு மார்க்கச் சட்டம் வேறு என்று எந்தக் கிதாபிலும் இல்லை. ஆனால் மயிலம்மா தலையை ஆட்டினார். நம்பினார். எந்தப் பொய்யையும் நம்புவதற்குத் தயாராக, அவ்வளவு தேவையோடு அவர் நின்றதைப் பார்த்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

உன் புருஷனுக்கு முகம் வராது என்று சொல்லலாம். அல்லது மார்க்கம் விடாது என்று நின்று, பிள்ளை செத்த தாயை வெறுங்கையோடு அனுப்பலாம். முதலாவது கவிராயரைக் கொல்லும். இரண்டாவது என்னால் முடியாது. ஆகவே மூன்றாவதாக ஒன்றைச் செய்தேன். யோசிக்காமல் செய்யும் நல்ல காரியங்களைப் போல ஆளை மாட்டிவிடுவது வேறில்லை.

"சரி தங்கச்சி" என்றேன். "இந்த ஒருக்கா போடச் செல்லுங்க. நான் அடிச்சித் தாறன்."

மயிலம்மா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

அன்று பின்னேரமே கவிராயர் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"ஏன் ஓமெண்டனீங்கள்?"

"பொறகு என்னத்த செல்ல? கால்ல உழுறன் எண்டா."

"நான் இவ்வளவு நாளும் உங்களுக்குப் பின்னால நிண்டனான். நீங்கள் விலத்தீட்டியள்." அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவ வீட்டில விளக்கைத் துடைச்சு வைச்சிட்டு எனக்குப் பக்கத்தில குந்தியிருக்கிறா. கீறுங்கோ எண்டு."

பிறகு சில நாட்கள் அவர் வீட்டில் கீறவில்லை, என் கடையில் கீறினார். மெசினுக்குப் பின்னால் ஒரு மூலையில். தாள் தாளாகக் கீறினார். நான் சும்மா போவதுபோலப் போய் எட்டிப் பார்ப்பேன். பூசணிக்காய் என்று அவர் சொன்னது அடக்கம் அல்ல, உண்மை. கண் இருந்தது, மூக்கு இருந்தது, எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. ஒருவரையும் காணவில்லை.

"மர்ஸூக்கக் கூப்புடுவமா?" என்றேன். மர்ஸூக் டோக்கிக் கொட்டகைகளுக்குப் பெரிய பலகைகளில் முகம் எழுதுகிறவன். முகம்தான் அவனுக்குச் சோறு. ஒரு நடிகரின் மூக்கை மட்டும் ஏணியில் நின்று எழுதுவான். "நீங்க அடையாளம் செல்லுங்க, அவன் கீறுவான். நீங்க அதப் பாத்து வெட்டுங்க. ஆருக்குத் தெரியும்?"

கவிராயர் கீறிய தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, சரி என்றார்.

மர்ஸூக் வந்தான். பென்சிலைச் சீவினான். மரியாதையாக உட்கார்ந்தான்.

"புள்ளட நெத்தி எப்பிடி ஐயா?"

"பிறை மாதிரி."

"கண்ணு?"

"கயல்."

"மூக்கு?"

"எள்ளுப்பூ."

"பல்லு?"

"முல்லை."

மர்ஸூக் நல்ல பையன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி ஏதோ கீறிக்கொண்டு போனான். பிறகு பென்சிலைக் கீழே வைத்தான்.

"ஐயா, கோவிக்காதீங்க. நான் இப்ப ஒரு பொற, ரெண்டு மீன், கொஞ்சம் பூ கீறியிருக்கிறன். புள்ள எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். கவிராயரின் பக்கம் திரும்பியபோதுதான் அது நின்றது. அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளை நினைக்கப் பாக்கிறன் நாநா" என்றார். "பாட்டுத்தான் வருகுது. கண்ணை மூடினால் கயல், மதி, முல்லை. என்ர வீட்டில, என்ர கண்ணுக்கு முன்னால வளந்த பிள்ளை. அவளின்ர மூக்கு எப்பிடியெண்டு கேட்டால் எனக்குத் தெரியாது."

மர்ஸூக் பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டு, "மாப் பண்ணுங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"தங்கச்சியக் கேப்பமே" என்றேன். "தாய்க்குத் தெரியாதா? அவ செல்லட்டும், மர்ஸூக் கீறட்டும்."

"வேண்டாம்."

"ஏன்?"

"எனக்கு ஏலாதெண்டு அவவுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா என்ன? பொஞ்சாதிதானே?"

"அவ வாசிச்சது என்ர கையை மட்டுந்தான் நாநா. வேற எழுத்து அவவுக்குத் தெரியாது."

இப்படியான நேரத்தில் நான் வழமையாக மெசினுக்கு எண்ணெய் விடுவேன். அன்று மெசின் எண்ணெயில் குளித்தது.

அந்தியேட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கவிராயர் ஒரு பலகைத் துண்டைச் சால்வையில் சுற்றிக்கொண்டு வந்தார். முகம் சவரம் செய்யாமல், விரல்களில் உளிக் கீறல்கள். "அடியுங்கோ" என்றார். மையைத் தடவி, முன்பக்கம் படத்தையும் பின்பக்கம் பாட்டையும் சேர்த்து ஒரு புரூவ் எடுத்தேன்.

ஒரு பெண்பிள்ளை முக்காலியில் இருக்கிறாள். எங்களுக்கு முதுகு காட்டி. தலை சற்றே குனிந்திருக்கிறது. பாதி பின்னிய தலைமயிர். அதை இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன, வளையல் போட்ட, நரம்பு தெரிகிற கைகள். பிடரியில் பின்னலுக்குள் அகப்படாத கொஞ்சம் மயிர், காற்றில் கிடப்பதுபோலச் சுருண்டு கிடக்கிறது.

என் கடை வாசலில் நான் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை திரும்பிப் போய்க்கொண்டிருப்பாள். எனக்கு அவளைத் தெரிந்தது.

"காலமை கந்தோருக்கு வெளிக்கிடேக்க இதைத்தான் பாப்பன்" என்றார் கவிராயர். "இது மட்டுந்தான் எனக்குப் பாட்டில்லாமல் ஞாபகம் இருக்கு."

"நல்லா வந்தீக்கிது கவிராயர்" என்றேன். அது உண்மை. அவர் வெட்டியதிலேயே அதுபோல ஒன்று வந்ததில்லை.

மயிலம்மாவை பேர்ணடெற் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தியேட்டி வரைக்கும் காத்திருக்க அவரால் முடியவில்லை. கவிராயர் மூலைக்குப் போய் நின்றுகொண்டார். மை காயாத தாளை நான் ஓரத்தில் பிடித்துக் கொடுத்தேன்.

மயிலம்மா முதலில் கைகளைத்தான் கண்டார்.

"என்ர கை" என்றார். பிறகு, "யோகம்" என்றார். மிகவும் மெதுவாக, அடுத்த அறையில் இருக்கிற ஒருவரைக் கூப்பிடுவதுபோல. அவர் முகம் தெளிந்தது. நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடித்துவிட்டேன். கவிராயர் மூலையிலிருந்து ஓரடி முன்னால் வந்தார்.

மயிலம்மா தாளைப் பிடித்தபடியே நின்றார். கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற நிற்பு அது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திரும்பச் சொல்லுங்கோ" என்றார்.

பேர்ணடெற் தாளை எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ. அவளை ஒருக்காத் திரும்பச் சொல்லுங்கோவன்."

கவிராயர் நின்ற இடத்திலேயே நின்றார். மயிலம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தாளைப் புரட்டினார். முன்னால் முதுகு இருந்தால் பின்னால் முகம் இருக்கும்தானே. பின்னால் எழுத்து இருந்தது.

"முகம் இந்தப் பக்கமோ?"

"ஓம்" என்றார் கவிராயர்.

"வாசியுங்கோ."

எத்தனையோ வீட்டுப் புலம்பலை எழுதிய மனிதர் தாளை வாங்கவில்லை. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். எனக்கு ராகம் வராது. லேபல் வாசிக்கிற குரலில் வாசித்தேன்.

"மதிமுகம் வாடிற் றம்மா மலர்நகை மறைந்த தம்மா
பதிபுகும் முன்னே வானப் பதிபுகச் சென்றாய் அம்மா
கதியினி எமக்கிங் காரோ கயல்விழிக் கன்னி மானே
விதியிதோ யோகம் என்னும் விளக்கணைந் திருண்ட தில்லம்."

மயிலம்மா தலையைச் சாய்த்துக் கடைசி வரைக்கும் கேட்டார்.

"நல்ல பாட்டு" என்றார். "ஆரின்ர பிள்ளைக்கு எழுதினது?"

குத்திக் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டார். பேர்ணடெற் கையிலிருந்த செபமாலையை இறுக்கிக்கொண்டு வெளியே தெருவைப் பார்த்தாள். நான் வழக்கம்போல இடையில் விழுந்தேன்.

"தங்கச்சி, பிழ என்ட. நான் ஓமெண்டு செல்லிட்டுப் பொறகு பயந்து, மொகம் மட்டும் வாணாண்டு..."

"நாநா, விடுங்கோ" என்றார் கவிராயர். மனைவிக்குக் கிட்டப் போனார். தொடவில்லை. "எனக்கு முகம் வராது மயிலம். ஒருநாளும் வந்ததில்லை. மார்க்கம் எண்டு நாநாவில பழியைப் போட்டது நான்."

மயிலம்மா அவருடைய கைகளைப் பார்த்தார். உளிக் கீறல்களை.

"பாட்டிலயும் வராதோ?"

"பாட்டிலயும் வரேல்லை."

கடையில் இன்றைக்கு அரிசி இல்லை என்று சொன்னால் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படித் தலையாட்டினார். தாளை மறுபடி திருப்பி, முதுகைப் பார்த்தார். அந்தச் சுருண்ட மயிரை நுனிவிரலால் ஒதுக்கிவிடப் போய், மை ஒட்டிக்கொண்டது. விரலைச் சேலையில் துடைக்கவில்லை.

"அப்ப இவளுக்குப் பின்னால வேற பிள்ளையைக் கொண்டந்து வைக்காதேங்கோ" என்றார். "அந்தப் பக்கம் சும்மா கிடக்கட்டும்."

"கல்வெட்டில பாட்டில்லாமலா?" என்று நான் கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன். கவிராயர் எனக்குப் பதில் சொல்லாமல் மெசினுக்கு அருகில் போய், கோத்து வைத்திருந்த பாட்டின் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தார். ஈய எழுத்துகள் சரிந்தன. மதியும் கயலும் மலரும் எது எதுவென்று தெரியாமல் ஒரு குவியலாகக் கிடந்தன.

அந்தியேட்டி அன்று வீட்டில் நல்ல சனம். கவிராயரின் கல்வெட்டு வாங்காத குடும்பம் கொட்டாஞ்சேனையில் குறைவு, எல்லாரும் வந்திருந்தார்கள். சொந்த மகளுக்கு எழுதியிருக்கிறார், கல்லும் கரையப் போகிறது என்று எதிர்பார்த்து வந்தவர்கள். சிலர் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியைக் கையிலேயே வைத்திருந்தார்கள்.

படிப்பதற்கு வழக்கமாக எழும்புகிறவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர். நல்ல சாரீரம். அவர் எழுந்து, சால்வையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமினார். தாளைப் பார்த்தார். புரட்டினார். மறுபடி புரட்டினார். அடுத்தவருடைய தாளை வாங்கி அதையும் புரட்டினார். பிறகு சபையைப் பார்த்து, என்னைப் பார்த்து, உட்கார்ந்துவிட்டார்.

"சோனக முதலாளி மையை மிச்சம் பிடிச்சிட்டார்" என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. இன்னொருவர், "இல்லை, அவசரத்தில ஒரு பக்கத்தை மறந்துபோனார்" என்றார். நான் வடையைக் கடித்துக்கொண்டு, குற்றவாளி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த முகம் எனக்கு நன்றாக வரும். கவிராயர் வாசலில் நின்று வந்தவர்களை எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அழ வந்தவர்கள் அழாமல் வீட்டுக்குப் போனார்கள்.

மயிலம்மா உள்ளறையில் சுவரோடு சாய்ந்து இருந்தார். மடியில் தாள். வெறும் பக்கம் மேலே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துத் தெரியாதவர், தவறிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்து, பேர்ணடெற் குனிந்து தாளைப் படம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள்.

மயிலம்மா அவளைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையசைத்தார். பிறகு தாளைத் திரும்பவும் வெறும் பக்கத்துக்குப் புரட்டி, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற அந்தப் பக்கத்தில், இரண்டு கைகளையும் தாளின் இரண்டு கரையிலும் வைத்துக் குனிந்து இருந்தார்.

பேர்ணடெற் மறுபடி திருப்பவில்லை.